வீட்டுக்கும் கடைக்கும் ஒரே நோட்டு: இலக்கு வைத்து நடத்தப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மதுரை கீழமாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் உட்கார்ந்து சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். பலசரக்குக் கடை, சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுபவர்கள், பூக்கட்டி விற்பவர்கள், வீட்டில் மாவு அரைத்துக் கொடுப்பவர்கள் என்று பலருடைய வரவுசெலவு என் மேசைக்கு வரும். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர் முதல்தடவை வரும்போது இரண்டு ஆசைகளோடு வருவார். கடையைப் பற்றிய ஆசையை உட்கார்ந்ததும் சொல்லிவிடுவார். வீட்டைப் பற்றியதை எழுந்து செருப்பைப் போடும்போதுதான் சொல்வார்: “அப்புறம்ண்ணே, வர்ற வருசம் பிள்ளைய காலேஜ்ல சேக்கணும்.”

வாசலில் நின்று சொன்ன அந்த ஒரு வரியில்தான் பல திட்டங்கள் கவிழ்ந்ததைப் பார்த்திருக்கிறேன். சரக்கு வாங்க வைத்திருந்த பணம் ஜூன் மாதம் கட்டணமாகப் போய்விடும். ஆடியில் கடைக்குச் சரக்கு இருக்காது. ஆவணியில் முகூர்த்தம் வரும்போது கந்துவட்டிக்கு வாங்க ஓடுவார்கள். சொந்த இலக்கைத் தனியாகவும் தொழில் இலக்கைத் தனியாகவும் வைக்கச் சொல்லும் முறை மாதச் சம்பளக்காரருக்குச் சரியாக இருக்கலாம். நமக்கு இரண்டும் ஒரே கல்லாவிலிருந்துதான் வர வேண்டும். இரண்டுக்கும் ஒரே ஆளின் உழைப்புதான். அதனால் இரண்டையும் ஒரே நோட்டில், எதிரெதிர்ப் பக்கத்தில் எழுதச் சொல்கிறேன்.

முதல் வேலை: நோட்டு

கோடு போட்ட 80 பக்க நோட்டு ஒன்று போதும். போனில் எழுத வேண்டாம். போனைத் திறந்தால் வாடிக்கையாளர் குரல்பதிவு அனுப்பியிருப்பார், சரக்குக்காரர் பாக்கி கேட்டிருப்பார், எழுத வந்தது மறந்துபோகும். பிள்ளையார் சுழி போட்டு, இடது பக்கம் “வீடு” என்றும் வலது பக்கம் “கடை” என்றும் எழுதுங்கள். மனதில் இருப்பதையெல்லாம், முடியுமா முடியாதா என்று பார்க்காமல், இரண்டு பக்கமும் இறக்கிவையுங்கள். இடது பக்கத்தைத் தனியாக எழுதாதீர்கள். கணவன், மனைவி, அம்மா, வளர்ந்த பிள்ளைகள், யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்களையும் உட்கார வையுங்கள். ஓட்டு மாற்றுவது முதல் இலக்கு என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அம்மாவுக்குக் கண்புரை சிகிச்சைதான் முதலாவது என்பது அப்போதுதான் வெளியே வரும்.

பிறகு பக்கத்துக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள். அழிக்க வேண்டாம், மேலே ஒரு கோடு போதும். அடுத்த வருடம் அவை தேவைப்படும். எதை வைப்பது என்று திணறினால் ஒன்றைப் பாருங்கள்: தேதியை வெளியாள் குறித்திருக்கிறாரா? கல்லூரிக் கட்டணம், கடை ஒத்தி முடிகிற நாள், நகை ஏலத்துக்குப் போகும் நாள் ஆகியவை நமக்காகக் காத்திருக்காது. அவைதான் முதலில். கடைக்கு ஏசி போடுவது காத்திருக்கும்.

ஆசையை எண்ணாக மாற்றுவது

“கடை பெருசாகணும்” என்பது ஆசை. அது எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாது. “பெருசாயிருச்சுன்னா என்ன மாறியிருக்கும் தம்பி?” என்று நான் கேட்பேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “வேலைக்கு ஒரு பையன் இருப்பான், நான் மத்தியானம் வீட்ல போய் சாப்பிடுவேன்” என்பார்கள். அந்தப் பதில் இலக்காக எழுதத்தக்கது. பையனுக்கு மாதம் என்ன சம்பளம், அந்தச் சம்பளத்தை எடுக்க எவ்வளவு கூடுதலாக விற்க வேண்டும், எந்த மாதத்துக்குள் என்று எண்ணும் தேதியும் வந்துவிடும்.

எட்வின் லாக், கேரி லேத்தம் என்ற உளவியலாளர்கள் இதைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர்கள். “முடிந்ததைச் செய்” என்று சொல்லப்பட்டவர்களைவிட, தெளிவான, சற்றுக் கடினமான எண் ஒன்று கொடுக்கப்பட்டவர்கள் கூடுதலாகச் செய்கிறார்கள் என்பதை அவர்கள் நிறுவினார்கள். ஆனால் இந்த ஆராய்ச்சியில் பலர் விட்டுவிடுகிற ஒரு பகுதி உண்டு. புதியவர்களுக்கு அதுதான் முக்கியம். வேலை புதிதாகவும் சிக்கலாகவும் இருக்கும்போது விற்பனை எண் வைப்பது பல நேரம் கெடுதலாகவே முடியும். அந்தக் கட்டத்தில் கற்றுக்கொள்வதையே இலக்காக வைக்க வேண்டும்.

தொழில் தொடங்கி மூன்று மாதம் ஆகாதவர்களிடம் “மாதம் இரண்டு லட்சத்துக்கு விற்கணும்” என்று எழுத வேண்டாம் என்பேன். “மூன்று மாதத்துக்குள் ஐந்து மொத்தக் கடைகளின் விலை எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எந்தச் சரக்கு எத்தனை நாளில் விற்கிறது என்று எழுதியிருக்க வேண்டும். கடன் கேட்பவர்களில் யார் திருப்பித் தருகிறார் என்று தெரிந்திருக்க வேண்டும்.” இப்படி எழுதுங்கள். பணக் கணக்கு நாலாவது மாதத்திலிருந்து ஆரம்பிக்கட்டும்.

பெரிய ஆசையே வைக்கக் கூடாதா என்று சிலர் கேட்பார்கள். தாராளமாக வையுங்கள். நம் ஊர் அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் தொடங்கியபோது அவருக்கு 58 வயது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணியவர் அவர். தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பையே ஒழிப்பது என்பது அவருடைய ஆசை. தொடங்கியதோ 11 படுக்கைகளோடு. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை வெளிநாட்டிலிருந்து வாங்குவது ஏழைகளுக்குக் கட்டுப்படியாகவில்லை என்று, இங்கேயே அதைத் தயாரிக்க ஆரோலேப் என்ற தொழிற்சாலை வந்தது 1992-ல். இடையில் 16 வருடங்கள். நோட்டின் முதல் பக்கத்து மேல்விளிம்பில் உங்கள் பெரிய ஆசையை ஒரு வரியில் எழுதி வையுங்கள். கீழே எழுதுவது 11 படுக்கைக்கான கணக்காக இருக்கட்டும்.

மாவுக் கணக்கு

இலக்கை வாரக் கணக்காக உடைப்பதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். அதனால் ஒரு கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். செல்லூர்ப் பக்கம் இட்லி மாவு விற்கும் ஒரு அக்காவுக்குப் போட்டது. உங்கள் தெருவில் விலை வேறாக இருக்கும். கணக்குப் போகும் வழியை மட்டும் பாருங்கள்.

வீட்டு இலக்கு: மகளின் கல்லூரிக் கட்டணம் 60,000 ரூபாய், ஜூனுக்குள். கடை இலக்கு: சாய்க்கிற பெரிய கிரைண்டர், 10 லிட்டர், 30,000 ரூபாய். உட்கார்ந்தது ஆவணித் தொடக்கத்தில். கையில் ஏறத்தாழ 40 வாரங்கள். 60,000-ஐ 40-ஆல் வகுத்தால் வாரம் 1,500. 30,000-க்கு வாரம் 750. ஆக, இப்போது வீட்டுச் செலவுக்குப் போவது போக, வாரம் 2,250 கூடுதலாக வேண்டும்.

மாவு கிலோ 45 ரூபாய். அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு, கரண்ட், கவர் எல்லாம் சேர்த்து 30 ஆகிறது. நிற்பது 15 ரூபாய். 2,250-ஐ 15-ஆல் வகுத்தால் வாரம் 150 கிலோ. ஆறு நாள் வேலை என்றால் நாளுக்கு 25 கிலோ கூடுதல். இப்போது விற்பது நாளுக்கு 20 கிலோ. அப்படியென்றால் 45 கிலோ அரைக்க வேண்டும்.

பெரும்பாலோர் இந்த இடத்தில் நோட்டை மூடிவிட்டு, “45 கிலோ, ஓகே” என்று எழுந்துவிடுவார்கள். அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும்: அரைக்க நேரம் இருக்கிறதா? வீட்டில் இருப்பது 2 லிட்டர் கிரைண்டர். ஒரு தடவை போட்டால் மூன்று கிலோ மாவு வரும். போட்டு, அரைத்து, வழித்துக் கழுவ 40 நிமிடம். இப்போது ஏழு தடவை, நாலே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. 45 கிலோவுக்குப் பதினைந்து தடவை, பத்து மணி நேரம். ஊறப்போடுவது, கவரில் கட்டுவது, கொண்டுபோய்க் கொடுப்பது தனி. முடியாது.

கணக்கு நமக்கு வேறொன்றைச் சொல்லிவிட்டது. இரண்டு இலக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நேரத்தில் சேமிக்க முடியாது. கிரைண்டர் வந்தால்தான் கட்டணம் வரும். கிரைண்டருக்குப் பணம் சேர்ந்த பிறகு வாங்குவது என்றால் ஜூன் போய்விடும். அப்படியென்றால் கடனில் வாங்க வேண்டும். கடனில் வாங்கும் முன், கூடுதல் 25 கிலோவை யார் வாங்குவார்கள் என்பது தெரிந்தாக வேண்டும். மெஷின் வாங்கி மூடிவைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், அதனால் இதில் பிடிவாதமாக இருந்தேன்.

“கடன் வாங்காம முதல்ல எட்டுக் கிலோ கூட்டிப் பாருங்கக்கா” என்றேன். 28 கிலோவுக்குப் பத்துத் தடவை, ஆறே முக்கால் மணி நேரம். உடம்புக்குக் கஷ்டம், ஆனால் இரண்டு மூன்று மாதம் தாங்கும். அந்த எட்டுக் கிலோவை விற்க வாரத்துக்கு இரண்டு மெஸ்ஸில் சாம்பிள் கொடுப்பது. நோட்டில் அந்த வாரத்து வேலையாக எழுதியது இதுதான்: “செவ்வாய், வியாழன்: இரண்டு மெஸ், ஒரு கிலோ சாம்பிள்.” 60,000 என்ற எண் அந்தப் பக்கத்தில் இல்லவே இல்லை. கட்டணம் கட்டுவது ஜூனில் நடக்கிற காரியம். செவ்வாய்க்கிழமை செய்யக் கூடியது மெஸ்ஸுக்குப் போவது மட்டும்தான். எந்த இலக்கானாலும் “இந்த வாரம் நான் எங்கே போகணும், யாரைப் பார்க்கணும், கையால் என்ன செய்யணும்” என்ற அளவுக்கு இறங்கும்வரை உடையுங்கள்.

மெஸ்காரர்கள் 40 ரூபாய்க்குக் கேட்டார்கள். அப்போது நிற்பது 15 அல்ல, 10. அதையும் நோட்டில் எழுதி, மொத்தக் கணக்கைத் திரும்பப் போட்டோம். வாரத்துக்கு வாரம் கணக்கு மாறும். அப்படி மாறுவதற்காகத்தான் நோட்டு.

பன்னிரண்டால் வகுக்காதீர்கள்

மேலே 40-ஆல் சமமாக வகுத்தேன். மாவுக்கு அது ஓரளவு சரி, ஏனென்றால் இட்லி தினமும் வேண்டும். அதிலும் மார்கழிக் குளிரில் மாவு தாமதமாகப் பொங்கும், சித்திரை வெயிலில் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். மற்ற தொழில்களில் ஆண்டு இலக்கை 12-ஆல் வகுப்பது தவறு.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. ஆவணி, தை வந்தால் முகூர்த்தம் நெருக்கும். தீபாவளிக்கு விளக்குத்தூண் பக்கம் நடக்க இடம் இருக்காது. சித்திரைத் திருவிழாவில் ஊரே தெருவில் இருக்கும். மோர், ஜிகர்தண்டா, சாப்பாடு விற்பவருக்கு அது அறுவடை, தையல்காரருக்கு வேலை ஓடாது. சுங்குடிக்குச் சாயம் போடுபவருக்கு வெயில்தான் மெஷின். 2005-ல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை என்றாலும் ஐப்பசி மழையில் காயாது. தீபாவளி ஆர்டரைப் புரட்டாசிக்குள் முடிக்கும்படி இலக்கு வைத்தவர் தப்பிப்பார்.

பூ இன்னும் கடினம். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெயர் உலகம் முழுக்கப் போகிறது. ஆனால் பங்குனி, சித்திரையில் பூ கொட்டும், விலை விழும். பனி விழும் மார்கழி, தையில் பூ வரத்து குறையும், மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விலை எகிறும். பூ விற்கும் ஒருவர் “மாதம் 15,000 லாபம்” என்று இலக்கு வைத்தால் அவர் கையில் இல்லாத ஒன்றுக்காக மாதாமாதம் தன்னைத் திட்டிக்கொள்வார். “தினமும் பூ வாங்கும் வீடுகள் 30-லிருந்து 45” என்று வைத்தால், விலை எப்படிப் போனாலும் அந்த வேலையைச் செய்ய முடியும். விலை நம் கையில் இல்லை, எத்தனை வாசலில் ஏறுகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

நோட்டின் நடுப்பக்கத்தில் சித்திரை முதல் பங்குனி வரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்கள் தொழிலுக்கு அது “நல்ல மாசம்”, “மந்த மாசம்” என்று குறியுங்கள். மந்த மாதத்துக்குப் பண இலக்கு வைக்காதீர்கள். மெஷினைப் பழுது பார்ப்பது, பழைய பாக்கி வசூலிப்பது, புது ஆளைப் பழக்குவது ஆகியவற்றை அங்கே தள்ளுங்கள். பெரியாறு பாசனத்தில் பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகம், அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம். மேலூர்க்காரர் தண்ணீர் வராத மாதத்தில் நாற்றுப் பாவுவதில்லை. உங்கள் தொழிலில் தண்ணீர் எப்போது வருகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு வருடக் கணக்கு எழுதினால் போதும்.

கல்லாவில் கை வைப்பது

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதைச் செய்யாதவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் பலிக்காது. கடையிலிருந்து உங்களுக்கு வாரச் சம்பளம் குறியுங்கள். எவ்வளவு சிறிதானாலும் சரி. அதை எடுத்துக்கொண்டு, மீதி நாள் கல்லாவில் கை வைக்காதீர்கள். பால் வாங்க 50, பையன் பேனாவுக்கு 20 என்று எடுப்பது கணக்கில் ஏறுவதில்லை. மாதக் கடைசியில் “வியாபாரம் நல்லாத்தான் ஓடுது, காசத்தான் காணோம்” என்று என்னிடம் வருகிறவர்கள் எல்லாருக்கும் காரணம் இதுவே. கடை வாசலில் ஒட்டியிருக்கும் ஸ்கேன் அட்டை எந்த வங்கிக் கணக்குக்குப் போகிறது என்று பாருங்கள். வீட்டுச் செலவுக் கணக்குக்கே போகிறது என்றால் இந்த வாரமே வேறு கணக்கு தொடங்கி அட்டையை மாற்றுங்கள்.

வீட்டு இலக்குக்கான பணத்தை எடுத்த எடுப்பிலேயே ஒதுக்க வேண்டும். அஞ்சலகத் தொடர்வைப்பு (மாதாமாதம் ஒரே தொகை கட்டும் ஆர்.டி.) மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம், ஐந்து வருடக் கணக்கு அது. தூரத்து இலக்குக்கு நல்லது. பத்து மாத இலக்குக்கு வங்கியில் குறைந்த காலத் தொடர்வைப்பு போடுங்கள். சீட்டு கட்டும் பழக்கம் நம் ஊரில் நிறைய. கட்டாயச் சேமிப்பாக அது உதவும் என்பதை மறுக்கவில்லை. 1982-ஆம் ஆண்டுச் சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவு செய்யப்பட்டதா என்று கேட்டுப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். தெரிந்தவர், நல்லவர் என்று கட்டிய சீட்டு ஓடிப்போய் ஒரு குடும்பத்தின் கல்யாணம் நின்றதை அருகிலிருந்து பார்த்தவன் நான்.

வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி

நோட்டு எழுதும் பலர் மூன்றாவது வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். சோம்பேறித்தனம் என்று நான் நினைக்கவில்லை. “நேரம் கிடைக்கும்போது பாப்போம்” என்று வைத்ததுதான் காரணம். கடை நடத்துபவருக்கு நேரம் கிடைப்பதே இல்லை.

ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-ல் எழுதியது எனக்கு இதில் உதவியது. ஒரு காரியத்தைச் செய்ய வேண்டும் என்று நினைப்பதோடு நிறுத்தாமல், “இது நடந்ததும் இதைச் செய்வேன்” என்று இடத்தோடும் நேரத்தோடும் முன்கூட்டியே முடிச்சுப் போட்டவர்கள் அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்கிறார். நமக்கு அந்த முடிச்சு ஏற்கெனவே இருக்கிறது. வெள்ளிக்கிழமை கடை கூட்டித் தெளித்து, சாமி படத்துக்குப் பூப் போட்டு, கல்லாவுக்குச் சாம்பிராணி காட்டுகிறோம். எத்தனை வேலை இருந்தாலும் அது தவறுவதில்லை. ஆகவே நோட்டைச் சாமி படத்துக்குக் கீழேயே வையுங்கள். சாம்பிராணிக் கரண்டியைக் கீழே வைத்ததும் நோட்டைக் கையில் எடுக்க வேண்டும். வேறு மதத்தவராக இருந்தால் ஜும்ஆ முடிந்து கடை திறந்ததும், ஞாயிறு சர்ச்சிலிருந்து வந்ததும் என்று உங்கள் வீட்டில் தவறாத ஒன்றோடு கட்டுங்கள்.

எடுத்ததும் மூன்று வரி எழுதுங்கள், பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். போன வாரம் எழுதிய வேலையைச் செய்தேனா? இல்லையென்றால் குறுக்கே வந்தது எது? வருகிற வாரத்து வேலை என்ன, எந்தக் கிழமை? இரண்டாவது வரியில் உண்மையை எழுதுங்கள். “நேரமில்லை” என்று எழுதாதீர்கள். “செவ்வாய் மாமியார் ஆஸ்பத்திரி, வியாழன் மறந்துவிட்டேன்” என்று எழுதுங்கள். ஒரே காரணம் மூன்று வெள்ளிக்கிழமை வந்தால் சரிசெய்ய வேண்டியது அந்தக் காரணத்தைத்தான். மாவு விற்கும் அக்காவுக்கு மூன்று வாரமும் வியாழன் தவறியது. காரணம், அன்று வார்டுக்குத் தண்ணீர் வரும் நாள். மெஸ்ஸுக்குப் போவதைப் புதனுக்கு மாற்றினோம். அதன்பின் தவறவில்லை.

ஒரு வாரம் விட்டுப்போனால் நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். லண்டனில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரைப் பின்தொடர்ந்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் தானாக வரும் அளவுக்குப் பதிய சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். இடையில் ஒருநாள் தவறியவர்களுக்குப் பெரிய பின்னடைவு எதுவும் இல்லை என்பதுதான் அதில் எனக்கு ஆறுதலான செய்தி. இரண்டு வாரம் தொடர்ந்து தவறினால் மட்டும் யாரிடமாவது சொல்லுங்கள்.

சொல்வதற்கு ஒரு ஆள்

யாரிடம் சொல்வது? எல்லாரிடமும் வேண்டாம். வாரம் ஒருமுறை “என்னாச்சு?” என்று கேட்கக் கூடிய ஒருவர் போதும். அவர் உங்களுக்குக் கடன் கொடுத்தவராகவோ உங்கள் வியாபாரத்திலேயே போட்டிக்காரராகவோ இருக்க வேண்டாம். பக்கத்துக் கடை அண்ணாச்சி வேறு சரக்கு விற்பவர் என்றால் மிக நல்லது. நீங்களும் அவரிடம் கேளுங்கள்.

பெண்களுக்குச் சுயஉதவிக் குழுக்கள் இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்கின்றன. மதுரைப் பகுதியில் களஞ்சியம் இயக்கத்தை வளர்த்தவர்களில் ஒருவரான சின்னப்பிள்ளை விவசாயக் கூலி வேலை பார்த்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். ஸ்திரீ சக்தி விருது வழங்கிய மேடையில் பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ வந்தது. குழுக் கூட்டத்தில் நடப்பதைப் பார்த்தால் அந்தப் பலம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்: குறித்த நாளில் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவரும் இந்தத் தவணை கட்டினேனா இல்லையா என்று மற்றவர் முன்னால் சொல்ல வேண்டும். கட்ட முடியாதவருக்கு என்ன ஆச்சு என்று அங்கேயே விசாரிப்பார்கள். குழுவில் இருப்பவர்கள் உங்கள் இலக்கையும் அங்கே சொல்லிப் பாருங்கள்.

காகித வேலைகள்

இவற்றை நோட்டில் தனி இலக்காக வைக்க வேண்டாம், ஒரு மந்த மாதத்தில் முடித்துவிடுங்கள். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் 2020-லிருந்து ஆன்லைனில் இருக்கிறது, ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் வெப்சைட்டில் போடாதீர்கள். 2015-ல் வந்த முத்ரா கடன் திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கேட்கலாம். வங்கியில் போகும்போது மூன்று மாத விற்பனைக் கணக்கு கையில் இருந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். சாப்பாட்டுப் பொருள் எதை விற்றாலும், வீட்டிலிருந்து விற்றாலும், உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுக்க வேண்டும். மானியத்தோடு கூடிய கடன்களுக்கு மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் போய்க் கேளுங்கள், இடைத்தரகர் வேண்டாம்.

தேதி தள்ளிப்போனால்

தள்ளிப்போகும். கனடாவில் 1994-ல் வெளியான ஓர் ஆய்வில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55 நாள். எல்லாமே தவறாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்னதும் 49 நாள்தான். நம் கொத்தனாரும் தையல்காரரும் “நாளைக்கு முடிஞ்சிரும்” என்று சொல்வது பொய்யில்லை, மனித மனம் கணக்குப் போடும் விதமே அது. ஆகவே உங்களுக்குத் தோன்றும் காலத்தோடு பாதியைக் கூட்டி எழுதுங்கள். வெளியாள் குறித்த தேதி என்றால் கூட்ட முடியாது. அப்போது பாதி காலம் முன்னதாகத் தொடங்குங்கள். அதுவும் முடியாதென்றால், பற்றாக்குறையை எதை வைத்து அடைப்பது என்று முதல் நாளே எழுதிவைத்துவிடுங்கள்.

இலக்கை மாற்றலாமா? மாற்றலாம், வெள்ளிக்கிழமை மட்டும், நோட்டில் காரணம் எழுதி. சலிப்பு வந்த செவ்வாய்க்கிழமை இரவில் எதையும் மாற்றாதீர்கள். தேதி வந்ததும், முடிந்ததோ இல்லையோ, அன்றே உட்கார்ந்து அந்தப் பக்கத்தை முடித்துக் கையெழுத்துப் போடுங்கள்.

செல்லூர் அக்காவுக்கு எட்டுக் கிலோ கூடுதல் பத்து வாரத்தில் நிலைத்தது. கார்த்திகையில் குழுக் கடனில் பெரிய கிரைண்டர் வந்தது, வாரம் 800 தவணை. ஜூனில் கட்டணத்துக்குச் சேர்ந்திருந்தது 40,000. முதல் நாளே எழுதிவைத்திருந்தபடி இரண்டு வளையலை வங்கியில் வைத்து மீதி 20,000 கட்டினார். அந்த வெள்ளிக்கிழமை நோட்டின் அடுத்த பக்கத்தை எடுத்து, இடது பக்கம் “வளையல் திருப்புவது, வாரம் 1,000, ஐப்பசிக்குள்” என்று எழுதினார். வலது பக்கம் மகள் எழுதினாள்: “புதன்: காலேஜ் பக்கத்து ஹாஸ்டல், மூன்று கிலோ சாம்பிள்.”